டைம்கீப்பர் நாச்சிமுத்துவின் ஒன்பது நாள்

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் நாச்சிமுத்து விசில் ஊதினால் வண்டி நகர்ந்தாக வேண்டும். தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த டைம்கீப்பர் அவர். தகரக் கொட்டகைக்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம், மணிக்கட்டில் இன்னொன்று. "நாலு டிக்கெட்டு ஏறிக்கட்டுங்ண்ணா, ரெண்டே நிமிசம்" என்று கண்டக்டர்கள் கெஞ்சுவார்கள். "பொறத்தால வர்றவனோட டைத்த நீ தின்னுபோட்டா அவன் என்னத்தத் திம்பான்? எடு வண்டிய" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எழுபத்து நாலாம் வருஷம் ஆவணியில் ஒரு காலை, நாமக்கல் வண்டியை ஒன்பது பன்னிரண்டுக்கு அவர் விசில் கொடுத்து அனுப்பினார். அடுத்த வண்டிக்கு நின்றிருந்த தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், போகிற பஸ்ஸைப் பார்த்தார், வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் ஊர் சுவிட்சர்லாந்து என்றார். அங்கே ரயில்கள் இப்படித்தான் போகும், மலைக் கிராமங்களுக்குத் தபால் பஸ் உண்டு, அதுவும் இப்படித்தான் போகும் என்றார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த நாச்சிமுத்துவுக்கு அந்த இங்கிலீஷ் முக்கால்வாசி புரிந்தது. கேட்டதற்குத் தன் விலாசமும் எழுதிக் கொடுத்தார். நாலு மாதம் கழித்துத் தபாலில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. அந்த நாட்டு ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்குமான டைம்டேபிள்.

பாஷை ஜெர்மன். ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் எண்கள் தெரியுமே. ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். எந்த ரயில் எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேருகிறது, அங்கே அதற்காக எந்த பஸ் காத்திருக்கிறது என்று ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போவது போல அவர் போனார். ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் இருந்தது. எழுபத்தெட்டில் தம்பியோடு பொதுவாக இருந்த மானாவாரிக் காட்டை விற்றுக் கைக்குப் பங்கு வந்தபோது, போனால் என்ன என்று தோன்றிவிட்டது. டூர் கம்பெனி, கும்பல், வழிகாட்டி எதுவும் வேண்டாம். ஒன்பது நாள். தானே போட்ட திட்டம், தானே போகிற பயணம்.

அவர் மனைவி வள்ளியாத்தாள் இரண்டாம் வகுப்போடு நின்றவர். மூன்று ஏக்கர் தோட்டம், நான்கு உருப்படி மாடு எல்லாம் அவர் பொறுப்பு. பொழுதோட நாச்சிமுத்து வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, விளக்குக்கு அடியில் புத்தகத்தை விரிப்பார். வள்ளியாத்தாள் முறத்தை மடியில் வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்பார்.

"ஜூரிச்சுல ஏழு நாப்பதுக்கு ஏறறோம். கூர்னு ஒரு ஊரு. அங்க எறங்கறோம். பதினோரு நிமிசம் இருக்குது. எதுத்தாப்பல தபால் பஸ்ஸு நிக்கும், ஏறிக்கறோம்."

"பதினோரு நிமிசத்துல பொட்டியத் தூக்கிட்டு எறங்கி ஏற முடியுங்களா?"

"முடியும். அவங்க கணக்குப் பண்ணித்தான் உட்டிருப்பாங்க."

"இதென்னங்க, நேரத்துக்குப் பக்கத்துல கூட்டல் குறியாட்டம் போட்டிருக்குது?"

நாச்சிமுத்து புத்தகத்தின் முன்பக்கத்தில் தேடி, தாடிக்காரருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சில குறிகள் போட்ட வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அவர் மறந்தாலும் வள்ளியாத்தாள் மறக்க மாட்டார். "அந்த மலை ஊரு பஸ்ஸு ஞாயித்துக்கெழம இல்லீங்க, சனிக்கெழமையே போயிரோணும்" என்று முறத்திலிருந்து தலை தூக்காமல் சொல்வார். இரண்டு வருஷத்தில் அவருக்குப் பதினாறு ஊரின் பெயர் வரிசையாக வந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது அந்தப் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொள்வதை நாச்சிமுத்து ஒருமுறை கேட்டுச் சிரித்தார்.

ஏறறோம், எறங்கறோம் என்பது பஸ் ஸ்டாண்டுக்காரர் வாய்ப்பழக்கம். ஈரோட்டுக்குத் தான் மட்டும் போய் வந்தாலும் "பத்தரைக்கு ஏறுனோம்" என்றுதான் சொல்வார். அந்த 'றோம்' மனைவியின் காதில் என்னவாக விழுகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

எண்பதாம் வருஷக் கடைசியில் பாஸ்போர்ட்டுக்கு மெட்ராசுக்கு எழுதிப் போட்டார். ஒரு மாதம் கழித்து விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் தோட்டத்துக்கே வந்தார். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரிபார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பினார்.

"சம்சாரத்தையும் இதுலயே சேத்துக்கலாங்களே. ஒரே பாஸ்போர்ட்டுல ரெண்டு பேரு போலாம். சேக்கலீங்களா?"

வள்ளியாத்தாள் மோர் டம்ளரோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்.

"அவ எங்கீங்க வர்றது?" என்றார் நாச்சிமுத்து, பளிச்சென்று. "மாடு கண்ணு கெடக்குது, தோட்டம் கெடக்குது. இவளுக்கு அந்தக் குளுரெல்லாம் ஒத்துக்குமுங்களா?"

மோரைப் போலீஸ்காரர் கையில் கொடுத்துவிட்டு வள்ளியாத்தாள் உள்ளே போனார். ஆனால் நாச்சிமுத்து அந்த முகத்தைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தும் அது நிற்கவில்லை. பார்த்தார்.

அன்று பொழுதோட புத்தகத்தை விரித்து, "சித்த வா, ஏழாம் நாளு படகு நேரத்த மாத்தியிருக்கறன்" என்று கூப்பிட்டார்.

"நீங்க படிங்க. எனக்கு வேல கெடக்குது."

முறமும் கடலைக்காயும் அன்றைக்கு அடுப்படியிலேயே இருந்தன. அதற்குப் பிறகு எல்லா நாளும் அங்கேயே இருந்தன.

திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. கிளம்ப ஆறு மாதம் இருந்தது. ஒரு விண்ணப்பம், இரண்டு போட்டோ, மாட்டைப் பார்த்துக்கொள்ள மச்சினி மாரக்காளிடம் ஒரு வார்த்தை, இவ்வளவுதான். அவர் செய்யவில்லை. தேதி தள்ளிப்போகும், திட்டம் முழுக்க ஒருவருக்குப் போட்டது, அவளே வாயைத் திறந்து கேட்கவில்லையே என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. அவரோடு வேலை பார்த்த செக்கர் சென்றாயன் ஒருநாள் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டே கோயில் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "மேல இருக்கற சாமி பொண்டாட்டிக்கு ஒடம்புலயே பாதியக் குடுத்துது. அதுக்கு அடிவாரத்துல உக்காந்துக்கிட்டு நீங்க ஒத்த டிக்கெட்டுப் போடறீங்களே, நாயமாங்ண்ணா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டு ராசிபுரம் வண்டிக்கு விசில் ஊதினார். அன்றைக்கு அதை ஒரு நிமிஷம் முன்னாலேயே ஊதிவிட்டார்.

பாஸ்போர்ட் வந்தது. உள்ளே அவர் போட்டோ ஒட்டிய பக்கத்தில் இன்னொரு கட்டம் காலியாக இருந்தது. அதன் கீழே மனைவி என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தை வள்ளியாத்தாளுக்குக் காட்டாமல் மூடி பீரோவில் வைத்தார்.

எண்பத்தொன்று ஜூன் மாதம், தாடிக்காரர் அனுப்பிய அந்த வருஷத்துப் புத்தகத்தோடு நேரங்களைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினார். வள்ளியாத்தாள் போன வருஷமே ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்திருந்த பழுப்பு ஸ்வெட்டரையும், பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, முறுக்கு எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். "பத்தரமாப் போயிட்டு வாங்க" என்றார். சேலம் வரைக்கும் வருகிறாயா என்று நாச்சிமுத்து கேட்டார். பால்காரர் வருவார் என்றார் வள்ளியாத்தாள்.

பம்பாயில் விமானம் ஒரு நாள் தாமதமானது. அவர் திட்டத்தில் அப்படியொன்றுக்கு இடமே இல்லை. ஒன்பது நாளும் ஒரு நாள் நகர்ந்தன. ஆனாலும் ஜூரிச்சில் ரயில் ஏழு நாற்பதுக்கு வந்து நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கூரில் பதினோரு நிமிஷம் போதுமானதாக இருந்தது. தபால் பஸ் எதிரிலேயே நின்றது. எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்கள் வர வர மனசுக்குள் டிக் அடித்துக்கொண்டே போனார்.

ஆறாம் நாள் ஒரு மலைக் கிராமத்தில் பஸ்ஸுக்கு நின்றார். இரண்டு ஐந்துக்கு வர வேண்டும். வரவில்லை. இரண்டே காலும் ஆனது. அந்த நாட்டில் பத்து நிமிஷம் பஸ் தாமதமாகுமா என்று அவருக்கு ஆத்திரமே வந்தது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. தெரு முழுக்க ஒரு ஆள் இல்லை, ஒரு கடை திறக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஒரு நாள் தள்ளிப்போனதில் சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கிறது. ஞாயித்துக்கெழம இல்லீங்க. குரல் காதருகே கேட்டது போல இருந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு அம்மாள் குடையோடு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். சூடாகக் காப்பி கொடுத்தார். பேச்சுப் புரியவில்லை. அந்த அம்மாள் ஒற்றை விரலைக் காட்டி, தன் கல்யாண மோதிரத்தைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். தனியாகவா, மனைவி இல்லையா என்று கேட்கிறார் என்பது விளங்கியது. நாச்சிமுத்து ஆமாம் என்று தலையாட்டினார், பிறகு இல்லை என்று ஆட்டினார், ஜன்னலுக்கு வெளியே எங்கோ தூரத்தில் கையைக் காட்டினார். அந்த அம்மாள் என்ன புரிந்துகொண்டாரோ, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நாச்சிமுத்து காப்பியைக் கீழே வைத்தார். ஐந்து வருஷம் இந்த ஊர்களை வாயால் சொல்லி வளர்த்தவள் அங்கே மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் விட்ட இடத்தைப் பிடித்தார். மீதி மூன்று நாளும் திட்டப்படியே நடந்தன. அவர் எதையும் ரசித்ததாகச் சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும் சொந்தக்காரர்கள், கண்டக்டர்கள், டிரைவர்கள் என்று வீடு நிறைய ஆள். எல்லோருக்கும் கதை சொன்னார். வள்ளியாத்தாள் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை நாச்சிமுத்து, "ஜூரிச்சுல எட்டு நாப்பதுக்கு ஏறுனோம்" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். முன்பென்றால் உள்ளேயிருந்து திருத்தம் வந்திருக்கும். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது.

பாஸ்போர்ட்டைப் பத்திரப்படுத்தப் பீரோவின் அடித்தட்டைத் திறந்தபோது, சேலைகளுக்குக் கீழே ஏற்காட்டுக் கடைக் காகிதத்தில் சுற்றிய இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது. பெண்கள் போடுகிற மாதிரி, கத்திரிப்பூ நிறத்தில்.

"இது ஏது?" என்றார். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"அதுங்களா? ரெண்டு எடுத்தா கொறச்சுத் தாரேன்னான். மாரக்கா பொண்ணுக்கு ஆகுமேன்னு எடுத்தேன்" என்றார் வள்ளியாத்தாள். மாரக்காள் பெண் அப்போது ஏழு வயசுக் குழந்தை.

எண்பத்து மூன்றில் நாச்சிமுத்து புது விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்து வள்ளியாத்தாள் முன்னால் வைத்தார். "சேலம் செவ்வாய்ப்பேட்டைல சாமான் வாங்கற வேல இருக்குது. அப்படியே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தரலாம். இந்தத் தடவ ரெண்டு பேருக்கும் போடறேன்."

வள்ளியாத்தாள் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. "எதுக்குங்க இன்னொருக்காச் செலவு? அந்த ஆச போச்சுங்க எனக்கு. இருந்தா மறைக்கவா போறேன்?"

"நான் அன்னிக்கு அந்தப் போலீஸ்காரர் கிட்ட..."

"உடுங்க" என்றார் அவர். "அதையெல்லாம் இப்ப எதுக்குப் பேசறீங்க?"

நாச்சிமுத்து விட்டுவிட்டார். அன்றைக்கு விட்டிருக்கக் கூடாது, கையைப் பிடித்து உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு சென்றாயனிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறமும் இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். சண்டை சச்சரவு இல்லை. வள்ளியாத்தாள் நேரத்துக்குச் சாப்பாடு போட்டார், காய்ச்சலென்றால் கஷாயம் வைத்தார். அந்த நாட்டின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. எண்பத்தாறில் பாஸ்போர்ட் காலாவதியானது. நாச்சிமுத்து புதுப்பிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் பொங்கல் முடிந்த நேரம். கட்டுத்தரையில் பசு மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்த வள்ளியாத்தாள், கயிற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏனுங்க, அந்த ஊருல மாட்டுக்கெல்லாம் சொம்பு பருமனுக்கு மணி கட்டியிருப்பாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க. சத்தம் எப்படீங்க இருக்குது?"

ஐந்தரை வருஷமாக அவர் காத்திருந்த கேள்வி. நாச்சிமுத்து எழுந்து பக்கத்தில் வந்தார். சொல்ல வாயைத் திறந்தார். நினைத்து நினைத்துப் பார்த்தார். மலைச்சரிவுகளில் மாடுகள் மேய்ந்தது லேசாக நினைவு இருந்தது. மணிச்சத்தம் நினைவில் இல்லை. அந்த வழியெல்லாம் அவர் கடிகாரத்தையும் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டு போயிருந்தார்.

பொய் சொல்லியிருக்கலாம். கணீரென்று இருக்கும் என்று சொன்னால் முடிந்தது. அவரால் முடியவில்லை.

"நான் கவனிக்கல புள்ள" என்றார்.

வள்ளியாத்தாள் நிமிர்ந்து ஒரு நொடி அவரைப் பார்த்தார். "செரி உடுங்க" என்று சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கினார். பிறகு, பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நான் வந்திருந்தா கேட்டிருப்பேன்" என்றார்.

நாச்சிமுத்து பழைய கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துச் சாளைக் குடிசையில் மாட்டினார்.