நூற்று எண்பத்தெட்டில் நின்ற முள்

யுத்த வருஷங்களில் நான் மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மிக்ஸ்சர் கலப்பது, கட்டுப் போடுவது, எடை பார்த்துச் சீட்டில் குறிப்பது என் வேலை. தாராவியிலிருந்து நடந்தே வருவேன். அங்கே நான் செய்த ஒரு தவறை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கிட்டுச்சாமி பாலக்காட்டுக்காரர். பக்கத்து மெஸ்ஸில் தலைமைச் சமையல். அவருக்கு ஹெர்னியா, பெல்ட்டை இறுக்கிக்கொண்டுதான் அடுப்பின் முன் நிற்பார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஆஸ்பத்திரி சர்ஜனோ, நூற்று எண்பது ராத்தலுக்குக் கீழே இறங்கினால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும் என்று எழுதி அனுப்பிவிட்டார். அப்போது சாமியின் எடை இருநூற்று முப்பது.

ஏழு மாதம் கஞ்சியும் மோரும்தான் அவர் ஆகாரம். நாற்பத்திரண்டு ராத்தல் குறைந்தது. பிறகு நூற்று எண்பத்தெட்டில் முள் நின்றுவிட்டது. ஐந்து வாரம் அசையவே இல்லை.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சாமி, ருசி பாக்கேன்னு எம்புட்டு உள்ள போகுது? நெசத்தைச் சொல்லும்."

"பகவதி சத்தியமா ஒண்ணும் தொடலை, கம்பவுண்டரே. உப்புப் பாக்கறதைக்கூட இன்னொருத்தன்கிட்ட விட்டுட்டேன்."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

காத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள். சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் டாக்டரைக் கேட்காமலே சீட்டில் மோர் என்றிருந்ததை அடித்துவிட்டு, கஞ்சியையும் பாதியாக்கிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

பத்தாம் நாள் காலை மெஸ் ஆட்கள் இருவர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வடை போட்டுக்கொண்டிருந்தவர் தலை சுற்றிச் சாய்ந்திருக்கிறார். வலது கை கொதிக்கிற எண்ணெயில் போய்விட்டது. முழங்கை வரை தோல் உரிந்து தொங்கியது. அவர் அலறவில்லை. "இன்னிக்கு எடை பாக்கணுமே" என்று முனகினார்.

கைக்குக் கட்டுப் போட்ட பிறகு, டாக்டர் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே இருந்தது.

"இது கொழுப்பு இல்லைப்பா, தண்ணி. மூத்திரத்தை டெஸ்ட் பண்ணு."

சோதனைக் குழாயில் காய்ச்சிப் பார்த்தேன்; வெள்ளையாகத் திரளவில்லை. கோளாறு எதுவும் இல்லை.

"சரி, கிட்னி இல்லை. சத்தில்லாம நீர் கோத்துண்டிருக்கு. சீட்டைக் காட்டு." பார்த்தார். "மோரை யார் அடிச்சா?"

"நாந்தான் சார்."

அவர் சீட்டை மேஜைமேல் வைத்தார். "நானும் காலைத் தொட்டுப் பாக்கலை. நீ எழுதின நம்பரை மட்டும் பாத்துண்டிருந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து உப்பு குறைத்து, பருப்பும் பாலும் தயிரும் கொடுக்கச் சொன்னார். நாள் முழுக்கப் படுக்கை. யுத்தகாலத்தில் பாலுக்கு நான்தான் தினமும் மாஹிம் வரை அலைந்தேன். இரண்டாம் வாரம் நீர் பிரியத் தொடங்கியது. கஞ்சியைக் குறைத்தபோது நகராத முள், வயிறாரச் சாப்பிட்டதும் இறங்கியது. நான்காம் வாரம் நூற்று எழுபத்தொன்பது. கைப்புண் ஆறியதும் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார்.

ஆனால் புண் ஆறும்போது விரல்கள் சுருங்கிப்போயின. அந்தக் கையால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. மெஸ்ஸில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

ஊருக்குப் புறப்படும் முன் சொல்லிக்கொள்ள வந்தார். "சாமி, மன்னிச்சிரும்" என்றேன்.

"கை போனது என் தலையெழுத்துன்னு வெச்சுக்கறேன். அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கியிருக்க வேண்டாம், கம்பவுண்டரே."

அதன் பிறகு முப்பது வருஷம் எடை பார்த்தேன். முள் நின்றுபோனால் மெஷின் முன் நின்று பேசியதில்லை. ஆளை உட்காரவைத்து, காலைத் தொட்டுப் பார்த்து, என்ன சாப்பிடுகிறார் என்று தனியாகக் கேட்பேன். ஒன்றும் திங்கவில்லை என்று அவர் சொன்னால், முதலில் அதை நம்புவேன்.