ஜோதிலிங்கம் நீட்டிய டம்ளர்

போராட்டக்காரர்களோடு பேச ஜோதிலிங்கத்தை அனுப்பியதற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமில்லை. அமைச்சகத்தின் அந்தப் பிரிவில் காபூலில் குப்பை கொட்டிய ஆள் அவர் ஒருவர்தான். அங்கே தூதரகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது கடைகண்ணிக்குப் போய் வந்ததில், ஆப்கானியர் பேசும் தாரி மொழி அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அது போதும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. போருக்குப் பயந்து தில்லிக்கு ஓடிவந்த ஆப்கானியர் சிலர், தங்களை வேறு நாட்டில் குடியமர்த்தச் சொல்லி, ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்கு எதிரே நடைபாதையில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காலம் போய்க் குளிர் வந்தும் எழுந்திருக்கவில்லை. அலுவலகம் தூதரகங்களைக் கைகாட்டியது. தூதரகங்கள் பரிசீலனை என்றன. நம் அரசோ, இது நம் வீட்டுச் சண்டையில்லை, நம் வாசலில் நடந்து தொலைக்கிறதே என்று நெளிந்தது.

இணைச் செயலர் வெங்கடேஸ்வரன் ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டு வேலையை விளக்கினார். "சாயந்தரம் சாயந்தரம் போய்ப் பேசிண்டிருங்கோ. எதையும் ப்ராமிஸ் பண்ணவேண்டாம். எதையும் மறுக்கவும் வேண்டாம். கவர்மென்ட் காதுல போட்டுண்டிருக்குன்னு அவாளுக்குத் தோணணும், அவ்வளவுதான்."

இதைத்தான் பெரிய இடத்தில் ராஜதந்திரம் என்கிறார்கள். ஜோதிலிங்கத்துக்கு அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. சரோஜினி நகர் குவார்ட்டரில் அவருக்காகக் காத்திருக்க யாருமில்லை. மனைவி தங்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. ஆரம்பத்தில் ரசமும் கூட்டும் கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிறகு தங்கள் பாட்டைப் பார்க்கப் போய்விட்டன. கீழே மார்க்கெட்டில் அத்தனை ஜனம் இடித்துக்கொண்டு நடக்கும். மாடியில் அவர் தனக்குத்தானே சோறு வடித்து, ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்து தின்பார்.

நடைபாதையில் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். காபூலில் பஸ் ஓட்டிய ஹபீப். அவருடைய மனைவியும் மகளும் மைத்துனரோடு கனடா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹபீபின் விண்ணப்பம் மட்டும் நடுவில் எங்கோ நின்றுபோயிற்று. மகள் இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று நெஞ்சருகே கையை வைத்துக் காட்டுவார். பிறகு சந்தேகம் வந்து கையைக் கொஞ்சம் உயர்த்துவார்.

"வாங்க ஜோதி ஜான், உங்களுக்காகத்தான் டீ வச்சிருக்கேன்," என்பார். பிரியமானவர்கள் பெயரோடு 'ஜான்' சேர்ப்பது அவர்கள் வழக்கம். டீ என்றால் பாலில்லாத பச்சை டீ. ஜோதிலிங்கத்துக்கு அது பிடிக்காது. ஆனால் அதற்காகவே அலுவலகத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

குளிர் முற்றியபோது ஹபீபும் இன்னும் சிலரும் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். முதல் நாளே ஹபீப் கேட்டார். "உங்க ஊர்ல இதை எப்படி முடிப்பாங்க?"

ஜோதிலிங்கம் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். "கேட்டதைக் கொடுக்கிறதுன்னு கவர்மென்ட் முடிவு பண்ணிட்டா, அவங்க ஆள் ஒருத்தர் பழரசம் கொண்டாந்து தன் கையால கொடுப்பார். அதை வாங்கிக் குடிச்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இங்க அதுதான் வழக்கம்."

அந்த வழக்கம் வெங்கடேஸ்வரனுக்கும் தெரியும். தில்லியில் உலகத் தலைவர்கள் கூடும் மாநாடு நெருங்கியது. நடைபாதை காலியாக வேண்டும், ஆனால் தடியடி கூடாது.

"ஜூஸ் கொடுத்து முடிச்சுடுங்கோ."

"அவங்களுக்கு எதுவும் சாங்ஷன் ஆகலியே சார்?"

"ஆச்சுன்னு நாம சொல்லப்போறதில்லையே. வெறும் ஜூஸ்தானே."

ஜோதிலிங்கம் எதிர்த்துப் பேசிப் பழகியவர் அல்ல. வழியெல்லாம், முதலில் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு கொடுப்போம் என்று எண்ணிக்கொண்டே போனார். ஆனால் ஃப்ளாஸ்க்கையும் எவர்சில்வர் டம்ளரையும் பார்த்ததுமே ஹபீப் தள்ளாடி எழுந்துவிட்டார். முகமெல்லாம் மலர்ந்து, மற்றவர்களையும் கூவி அழைத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜோதிலிங்கத்தின் கையைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அந்த டம்ளரிலிருந்து குடித்தார். சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே ஜோதிலிங்கம் அடுத்தவருக்கு ஊற்றினார். போட்டோ எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் கூடாரங்களைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

மாநாடு அமோகமாக நடந்தது. ஆப்கானியருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஜோதிலிங்கம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வெட்கம் தின்றது. ஹபீபின் இருப்பிடத்தைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சட்டை மாற்றிக்கொள்வார். மார்க்கெட் வரை போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அடுத்த குளிரில் அதே நடைபாதையில் அதே கூடாரங்கள். வெங்கடேஸ்வரன் மறுபடி அவரைத்தான் அனுப்பினார். ஹபீப் இளைத்திருந்தார். வைது தீர்த்திருந்தால் கூட ஜோதிலிங்கம் நிம்மதியாக வீடு போயிருப்பார். ஹபீப் வையவில்லை. சலாம் சொன்னார், உட்கார இடம் விட்டார். டீ மட்டும் ஊற்றவில்லை. ஆப்கானியர் வந்தவனுக்கு டீ கொடுக்காமல் இருக்கமாட்டார்கள் என்பது ஜோதிலிங்கத்துக்குத் தெரியும். இருந்தும் தினமும் போய் அந்த வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவையும் உண்ணாவிரதம் தொடங்கியது.

பிறகு ஒரு காலை வெங்கடேஸ்வரனே அவருடைய மேசைக்கு வந்தார். "சிலபேருக்கு விசா வந்துடுத்து. உங்க பஸ் டிரைவருக்கும்தான். இந்தத் தடவை நிஜம் ஓய்."

ஜோதிலிங்கம் கடை ஜூஸ் வாங்கவில்லை. அரைநாள் லீவு போட்டார். மார்க்கெட்டில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துச் சாத்துக்குடி பொறுக்கி, வீட்டில் தன் கையால் பிழிந்து வடிகட்டினார். தங்கம் போனபிறகு இன்னொருவருக்காக அந்தச் சமையலறையில் அவர் எதுவும் செய்ததில்லை. உதவிக்கு ஜீப்பில் வந்த இளம் அதிகாரி ராமசுப்ரமணியனிடம் கூட ஃப்ளாஸ்க்கைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஹபீப், விசா வந்துருச்சு. குடிங்க," என்று டம்ளரை நீட்டினார்.

ஹபீப் டம்ளரையே பார்த்தார். "அன்னிக்கும் இதே டம்ளர்தான்."

"இது நிஜம். என் தங்கத்து மேல சத்தியமா நிஜம்."

"நிஜமாவே இருக்கட்டும், ஜோதி ஜான்." குரலில் கோபமே இல்லை. "வேற யாராவது கொடுக்கட்டும்."

ராமசுப்ரமணியனுக்கு தாரி தெரியாது. கை நீட்டாமல் ஹபீப் இருப்பதைப் பார்த்து, ஏதோ மரியாதைக் குறைவு நேர்ந்துவிட்டது என்று எண்ணி, ஃப்ளாஸ்க்கிலிருந்து இன்னொரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஹபீப் அவன் கையைப் பற்றிக்கொண்டு குடித்தார்.

கூடாரமே எழுந்து நின்று கத்தியது. கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள். ஹபீப் மகளின் உயரத்தை எல்லோருக்கும் காட்டினார். இப்போது கை தோளுக்கு மேலே போயிருந்தது.

ஜோதிலிங்கம் ஒதுங்கிப்போய், வழக்கமாகத் தான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். கையில் டம்ளர் நிறைய இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. தானே குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.