கம்பெனிக்கு ஒன்று, உனக்கு ஒன்று

எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துபோன கண்ணாடி பாட்டில் ஒன்று என் சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே இருப்பவை ஆணிகள். சிமெண்ட் சுவரில் அடிக்கிற குட்டையான ஆணிகள், பாதிக்கு மேல் வளைந்தவை. அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் இந்தக் குப்பையை எதற்குக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய் என்று என் மகள் கேட்பாள். அது குப்பை இல்லை, உன் அத்தை வைத்த கண்காட்சி என்று நானும் சளைக்காமல் சொல்வேன். கண்காட்சி என்றால் படங்கள் அல்லவா இருக்க வேண்டும் என்பாள். படங்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு பாட்டிலைத் திரும்ப அதே இடத்தில் வைப்பேன்.

அவளுக்கு அத்தை என்றால் எனக்கு அண்ணி, என் அண்ணனின் மனைவி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் முனையில் இருவரும் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஷட்டர், ஒரு நீலத் திரை, முதுகு சாய இடமில்லாத ஒரு ஸ்டூல், குடை விரித்த இரண்டு விளக்குகள், சீப்பும் பவுடரும் வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அண்ணன் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆவடி, பூந்தமல்லி என்று கல்யாண மண்டபங்களுக்குப் போய்விடுவார். கடை அண்ணியுடையது. அவர் வாய்க்கு அந்த முனையே பயப்படும். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் பாதி டீயிலேயே திரும்பி ஓடிவருவதைப் பார்த்திருக்கிறேன். நான் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அண்ணியின் கடையில் உட்கார்ந்து, அவர் யாரையாவது திட்டுவதைக் கேட்டுவிட்டுப் போனால்தான் எனக்கு அன்றைய அலுப்பு தீரும்.

எஸ்டேட்டில் வேலைக்குச் சேரும் பெண்கள் எல்லோரும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அவரிடம்தான் வருவார்கள். காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுபோல விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி எடுத்து முடித்து, ஆச்சு என்பார். அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் தோள் இறங்கும், அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வரும், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வாள். அண்ணி ஏதாவது கிண்டலாக ஒரு வார்த்தை சொல்வார். அந்த நொடியில் கேமரா இன்னொரு முறை சத்தம் போடும். எதற்கு இன்னொன்று என்று அவள் பதறினால், அண்ணியிடம் எப்போதும் ஒரே பதில்தான். "அது கம்பெனிக்கு. இது உனக்கு."

அந்த இரண்டாவது படங்களை அண்ணி கம்ப்யூட்டரில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு கொண்டையை முடிகிற ஒருத்தி. உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற ஒருத்தி. சிரிக்கவும் தெம்பில்லாமல் தாடையில் கை வைத்து எங்கேயோ பார்க்கிற ஒருத்தி. பெரிதாக அச்சிட்டுத் தருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆனால் கடையில் இருந்தது சின்னப் படங்களை அச்சடிக்கும் மெஷின்தான். பெரிய படத்துக்கு வெளியே கொடுக்க வேண்டும், அது நாளைக்கு, நாளைக்கு என்று வருஷக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது. எங்கள் கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்த அக்கா ஒருவர் கடையைக் கடக்கும்போதெல்லாம் தலையை நீட்டி, "இன்னாம்மே, என் போட்டா வந்துச்சா?" என்று கேட்காமல் போகமாட்டார். வரும் வரும் என்பார் அண்ணி. நடுவில் கேன்டீன் கான்ட்ராக்ட் கைமாறியபோது அந்த அக்காவை நிறுத்திவிட்டார்கள். கேட்டிலேயே காவலாளி அவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டதை நானே பார்த்தேன். வேறு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து, புது அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோது அவர் சொன்னார், "வேலய புடுங்குனதுகூட பெர்சா தெர்ல. என் மூஞ்சிய எதுக்கு புடுங்கிக்கிறான்?"

அந்தச் சமயத்தில்தான் நகரத்திலிருந்து ஒரு கலைக் குழு எங்கள் பக்கம் வந்தது. மூடிக் கிடந்த ஒரு பம்ப் கம்பெனி குடோனை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை மாலை கானா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஓவியம், ஒரு வாரம் முழுக்கப் புகைப்படங்கள் என்று எஸ்டேட் சுவர்களில் போஸ்டர் ஒட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் நல்ல இளைஞர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். தனக்கு ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தவர், அண்ணி அவருடைய படத்தைத் தேடும்போது திரையில் ஓடிய இந்த முகங்களைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். அப்படித்தான் எல்லாம் நடந்தது. குழுவே படங்களைப் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை நகரத்துக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து ஒருவர் பார்க்க வருவார், அவருக்குப் பிடித்தால் மொத்தப் படங்களும் அங்கே தொங்கும் என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்த வாரம் அண்ணி யாரோடும் சண்டை போடவில்லை. புதுப் புடவை ஒன்று எடுத்தார். ஒருநாள் திடீரென்று என்னிடம், "பாப்பா, அந்த மாரி எடத்துல செருப்ப வெளிய உட்டுட்டுதான் போணுமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை குடோன் வாசலில் எங்கள் தெருப் பையன்கள் கானா பாடிக்கொண்டிருந்தார்கள். உன் படம் பெரிதாக வந்திருக்கிறது, வந்து பார் என்று அண்ணி சொல்லிவைத்திருந்ததால் பெண்கள் ஷிஃப்ட் விட்டு சாப்பாட்டுப் பையோடு நேராக வந்தார்கள். கேன்டீன் அக்கா சுவரோரமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து தன் படத்துக்கு முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். பிறகு சட்டத்தின் இரண்டு பக்கமும் கை கொடுத்து, ஆணியிலிருந்து தூக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நேராக அண்ணியிடம் வந்தார். "லேட்டானாலும் பரவால்லம்மே. சொன்ன மாரி குட்த்துட்டே."

அண்ணி வாயைத் திறந்தார். இது கண்காட்சி, இப்போது எடுக்கக் கூடாது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு, "பாத்து எடுத்துகினு போ. கண்ணாடி" என்றார்.

அப்புறம் யாரையும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் அண்ணி முயலவில்லை. ஒருத்தி சாப்பாட்டுப் பையிலிருந்த துண்டில் சுற்றிக்கொண்டாள். ஒருத்தி தன்னுடையதோடு, நைட் ஷிஃப்டில் இருக்கும் தோழியின் படத்தையும் பொறுப்பாகக் கழற்றிக்கொண்டாள். யாரும் திருடவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை. படம் கொடுக்கும் நாள் இதுதான் என்று நினைத்தார்கள். இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? வெளியே மைக்கைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருங்கிணைப்பாளர் பாட்டு முடிந்து உள்ளே வந்தபோது சுவர் முழுக்க வெறும் ஆணிகள்.

அவர் கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது. இப்போதே வீடு வீடாகப் போய் ஒரு வாரத்துக்கு மட்டும் கேட்டு வாங்கி வருவோம், முடிந்ததும் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். அண்ணன் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தபடி வேண்டாம் என்றார். நாளைக்கு அவர் வருகிறார், இந்த வாய்ப்பு மறுபடி வராது என்று ஒருங்கிணைப்பாளர் கெஞ்சினார்.

"சார், கம்பெனிக்காரன் நிறுத்துற அன்னிக்கு கேட்லயே கார்ட புடுங்கிக்கிறான். அது அவ மூஞ்சி. நானும் ஊடு ஊடா போயி புடுங்கிகினு வரணுமா?"

பிடுங்கவில்லையே, கேட்கத்தானே போகிறோம் என்றார் அவர்.

"உனக்குன்னு சொல்லி குட்த்துட்டேன் சார். குட்த்துட்டு திருப்பி கேட்டா அதுக்கு பேரு புடுங்கறதுதான்."

ஞாயிறு காலை நான் போனபோது அண்ணி புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் சாக்பீஸோடு நின்றிருந்தார். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே, பூசாத சாம்பல் நிறச் சுவரில், பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ரேஷன் கடை சந்து, பச்சைக் கதவு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாடி. மாவு மில் எதிரில், சாயந்திரம் மேல்தான் இருப்பாள். படம் பார்க்க வேண்டுமென்றால் இந்த வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள் என்று நுழைவில் ஒரு வரி. ஒருங்கிணைப்பாளர் வந்து படித்துவிட்டு, குழுவில் தன்னைக் கிழித்துவிடுவார்கள் என்றார். அண்ணி கை நிறையச் சுண்ணாம்புத் தூளோடு அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு படம் எடுத்தேன். வாய் திறந்திருக்கிறது, கண் இரண்டும் எரிகின்றன, நெற்றியில் வெள்ளைக் கோடு. அண்ணி என்றால் எனக்கு அந்தப் படம்தான்.

கலைக்கூடத்துக்காரர் காரில் வந்தார். ஆணிகளைப் பார்த்தார், எழுத்துகளைப் படித்தார், படங்கள் எங்கே என்று கேட்டார். எதிர்த் தெருதான், வாருங்கள் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அண்ணி செருப்பை மாட்டினார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது, இன்னொரு முறை வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிப் போய்விட்டார். கார் மெயின் ரோட்டில் திரும்பும்வரை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, வேடிக்கை பார்க்க வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளையும் எங்கள் தெரு ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு நடந்தார்.

அந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கேன்டீன் அக்கா வீட்டில் டிவிக்கு மேலே சாமி காலண்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி, அந்த இடத்தில் தன்னை மாட்டியிருந்தார். வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டார். எல்லோருக்கும் டீ வந்தது. இன்னொரு வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வீட்டு ஓனர் விடமாட்டார் என்று அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். ஹேர்பின் கடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண் அரிசி டிரம் மேலிருந்து எங்கள் எல்லோரையும் பார்த்தாள். எந்தக் கலைக்கூடத்திலும் அவள் அவ்வளவு அழகாக இருந்திருக்க மாட்டாள். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்.

நகரத்திலிருந்து அழைப்பு வரவில்லை. அண்ணன் பல நாள் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குடோனை இருந்தபடியே திருப்பித் தர வேண்டும் என்பதால் அண்ணி குறட்டால் ஆணிகளைப் பிடுங்கி இந்த பாட்டிலில் போட்டு, வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தார். ஒரு சாயந்திரம் கடையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். போய்த் தோளில் கை வைத்தேன். "போயிருந்தா நல்லாத்தான் இருந்துருக்கும் பாப்பா" என்று சொல்லிவிட்டு அழுதார். அதற்குள் ஒரு பெண் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து நின்றாள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கைப் போட்டார். காது தெரியட்டும் என்றார்.

அண்ணி இப்போது இல்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வரும் சனி, ஞாயிறு எங்கள் தெருவிலேயே, எங்கள் பிள்ளைகளே ஏற்பாடு செய்திருக்கும் நிகழ்ச்சிகள். சனிக்கிழமை மாலை பறையும் கானாவும், ஞாயிறு காலை ரேஷன் கடைச் சுவரில் ஓவியம், மாலையில் புகைப்படங்கள். எஸ்டேட்டில் இப்போது வேலை செய்கிற, வடக்கிலிருந்து வந்திருக்கிற பெண்களின் முகங்களும் அதில் உண்டு. ஏற்பாடுகளைப் பேச என் வீட்டில் கூடியபோது, புது அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஒருவர், படங்களைத் தொடாதீர்கள் என்று ஒரு போர்டும், மூலையில் ஒரு கண்காணிப்புக் கேமராவும் வைக்கலாம் என்றார். அந்த போர்டை மாட்டினால் முதலில் அதைத்தான் கழற்றிக்கொண்டு போவேன் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்படியானால் ராத்திரிக்குள் சுவர் காலியாகிவிடுமே என்றார் அவர். ஆகட்டும், சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன்.

இன்று மத்தியானம் பாட்டிலைக் கவிழ்த்து, வளைந்த ஆணிகளை வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தேன். கேன்டீன் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சாக்பீஸோடு சண்டை போடும் அண்ணியின் படத்தைச் சட்டம் போட்டு வாங்கியிருந்தேன், அதை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தார். "எல்லாரும் அவங்கவுங்கள எடுத்துகினு பூடுவாங்க. இத யார் எடுப்பா? அவதான் இல்லியே" என்றார். இருப்பதில் உறுதியான ஆணியாக ஒன்றைப் பொறுக்கித் தனியே எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணியை அதில்தான் மாட்டப்போகிறேன். திங்கட்கிழமை காலையிலும் அந்தப் படம் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தால், அப்போதுதான் இந்தத் தெருவோடு எனக்குச் சண்டை.