கேட்டிலிருந்து இடது பக்கம்

காலையில் எழுந்து வெறுங்காலோடு தரையில் நாலு எட்டு வைத்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். அந்த நாளில் ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறைமுகத்தில் மலையாகக் கொட்டிவைத்த நிலக்கரி காற்றில் கிளம்பி வந்து, ஜன்னல் கம்பி, கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை, மூட மறந்த குழம்புச் சட்டி என்று எந்தப் பாகுபாடும் பார்க்காமல் உட்காரும். அம்மா நாளைக்கு மூன்று முறை பெருக்கி, மூன்று முறையும் "கலீஜு புடிச்ச ஆர்பரு" என்று துறைமுகத்தைத் திட்டுவாள். அந்தத் துறைமுகத்தில்தான் நைனா கிரேன் ஓட்டினார் என்பதால் திட்டில் பாதி அவர் கணக்கிலும் சேரும். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

அந்தக் கரி படிந்த நைனாவின் கட்டைவிரல் ரேகை ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. கப்பல் கம்பெனி காலண்டரின் வழவழப்பான பெரிய தாள் ஒன்றின் பின்பக்கத்தில், இடது மூலையில் அது பதிந்திருக்கிறது. எங்கள் குடும்பம் சிங்கப்பூர் போய்ச் சுற்றிப் பார்த்து வருவதற்கு நைனா வழி போட்ட தாள் அது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு, தம்பி இரண்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள், வளைகுடாவுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் இருந்தார்கள். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா பார்த்துவிட்டு வருவதற்காகக் கடல் தாண்டியவர் ஒருவரும் இல்லை. அம்மா கட்டிவந்த சீட்டு முடிந்ததும் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வரும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் காத்திருக்க, நாலு பாஸ்போர்ட் வந்தது. தெருவே வாயைப் பிளந்தது. அம்மா அதை ரசித்தாள் என்பதை இப்போது சொல்லலாம்.

நைனாவுக்கு அந்த ஊரில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை அவர் ஒளிக்கவும் இல்லை. "பொட்டிய தூக்கறேன், கப்பல்ல வைக்கறேன், கப்பலு போயிடுது. அந்தாண்ட அத்த எவன் எறக்கறான், எப்டி எறக்கறான்னு ஒரு தபா பாக்கணும்" என்பார். இருபது வருடமாக அவர் தூக்கி வைத்த சரக்குப் பெட்டிகளில் பாதிக்கு மேல் சிங்கப்பூர் போய் வேறு கப்பல் மாறுகின்றன என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இருபது வருடமாகக் கடிதம் போட்டும் பதில் வராத ஒரு மனிதரைப் போல அவர் அந்த ஊரைப் பற்றிப் பேசுவார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, எம்.கே.பி. நகரில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார். ஊரில் தனக்குத் தெரியாத ஆள் இல்லை என்பது அவர் நினைப்பு. பாரிமுனையில் டிராவல்ஸ் வைத்திருந்த தோஸ்து ஒருவரைப் பிடித்து டிக்கெட்டும் விசாவும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் தங்க ஒரு அறையும் ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர்தான். "சுத்திக் காட்றதையும் அவன் கைலயே உட்டுரு மாப்ள. ஏர்போர்ட்லேர்ந்து இட்டுகினு போயி, எல்லாத்தியும் காட்டி, திரும்ப ஏத்தி உட்டுருவான். உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று மாமா கேட்டார்.

நைனா யோசித்துவிட்டு, "அவன் கெரேன காட்டுவானா மச்சான்?" என்றார்.

மாமா சிரித்த சிரிப்பில் பதில் இருந்தது. அன்று சாயங்காலமே நைனா காலண்டர் தாளைக் கிழித்துத் தரையில் விரித்துவிட்டார்.

எதிர்வீட்டு லாரன்ஸ் மாமா கப்பலில் சமையல்காரர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார், நாலு மாதம் வீட்டில் இருந்துகொண்டு யார் வீட்டுச் சமையலையும் குறை சொல்வார். அவருக்குச் சிங்கப்பூர் தண்ணீர் பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே கூட இரண்டு மூன்று கப்பல்காரர்களைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர்கள் சொல்லச் சொல்ல நைனா தாளின் கீழ்ப்பக்கம் ஒரு கட்டம் போட்டு, கப்பல்காரர்கள் வெளியே வரும் துறைமுக வாசல் அது என்று அதற்குள் "கேட்" என்று எழுதினார். அங்கிருந்து ஊர் வளர ஆரம்பித்தது. சிவப்புப் பென்சில் என் பொறுப்பு.

"கேட்ட உட்டு வெளிய வந்தா லெப்ட்ல திரும்பு. தலைக்கி மேல பாலம் போவும். நேரா வந்தின்னா நாலு செலை நிக்கும் பாரு, அதான் மலேசியா வண்டி நிக்கிற ஸ்டேஷனு. உள்ள பிளாட்பாரத்துல ஒரு பாய் கடை கீது, டீய இழுத்து ஆத்துவான் பாரு, அடடா" என்று லாரன்ஸ் மாமா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கெப்பல் ரோடு, தஞ்சோங் பகார் என்ற பேர்களை நான் எழுத்துக்கூட்டி எழுதுவேன். அதுவரை சென்ட்ரல் தாண்டி அதிகம் போயிராத எனக்கு, எங்கள் கூடத்துத் தரையில் ஒரு ஊர் கோடு கோடாக எழுந்து வருவதைப் பார்க்க மூச்சு முட்டியது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது கேட்டிலிருந்து இடது பக்கம் திரும்பி மனசுக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

தாளில் இருந்த எல்லா உல்லாசப் பயணங்களும் நாலு மணி நேரத்துக்குள் முடிந்தன. கப்பல்காரர்கள் கரையில் இறங்கினால் கப்பல் கிளம்புவதற்குள் திரும்பியாக வேண்டும். அதனால் அவர்களுக்குத் தெரிந்த ஊர், கேட்டில் தொடங்கி கேட்டில் முடியும் ஊர். ஊருக்கு போன் போடும் கடை எங்கே, தடித்த கம்பளி எங்கே, மீன் குழம்பும் சோறும் எங்கே என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. சென்டோசாத் தீவுக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் வண்டிகளைக் கப்பல் தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தார்கள். தம்பி விடாமல் கேட்ட மிருகக்காட்சி சாலைக்கு மட்டும் ஒருவரும் போனதில்லை. "மிருகத்த பாக்க இன்னாத்துக்குடா கரைக்கி போவணும்? எங்க இஞ்சின் ரூம்புலயே நாலு கீது" என்று லாரன்ஸ் மாமா சொன்னார். கடைசியில் யாரோ ஒரு பஸ் நம்பரை விசாரித்துச் சொல்ல, அதற்கும் கேட்டிலிருந்து ஒரு நீளக் கோடு போட்டோம்.

மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப வந்த பெரிய மாமா, உள்ளே நுழையும்போது அம்மாவின் கையில் எதையோ திணித்தார். காசாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்கி நாங்கள் நின்ற நிலையை எப்படிச் சொல்வது. அத்தனை ஜனம், சத்தமே இல்லை. தரை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை; செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு நடந்து, காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் அப்படியே வெளுப்பாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் கழற்றிவிட்டு நடந்தான். அம்மா எங்கள் இரண்டு பேரையும் அதட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது தன் பாதத்தையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் நைனா காலண்டர் தாளை டிராலிமேல் விரித்தார். பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. தாளில் கேட் இருந்தது, பாலம் இருந்தது, பாய் கடை இருந்தது. விமான நிலையம் இல்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சொன்னவர்கள் அத்தனை பேரும் அந்த ஊருக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

நைனாவின் முகம் சுருங்கிப்போனது. அறுபதடி உயரத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து இருபது டன்னைத் தூக்குகிற மனிதர், டிராலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். மாமா சிரித்த சிரிப்பு எனக்கு மறுபடி கேட்டது. அழுகை வந்தது.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "கேட்டுக்கு எப்டி போவணும்னு மட்டும் யாரயாச்சும் கேளு. அங்க போயிட்டா மிச்சம் உனுக்கு தெரியுமில்ல?"

டிராலிகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். நைனா அவரிடம் போனார். "எந்த ஹோட்டலுக்குண்ணே?" என்று அவர் கேட்க, "ரூமு அப்பறம். ஆர்பரு கேட்டுக்கு போவணும்" என்றார் நைனா. அவர் எங்கள் நாலு பெட்டியையும் நாலு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ரயில் ஏறி, ஓரிடத்தில் வண்டி மாறி, தஞ்சோங் பகாரில் இறங்கச் சொன்னார். எதற்கு என்று கேட்காத அவருடைய பெருந்தன்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பூமிக்கடியிலிருந்து மேலே வந்து கொஞ்ச தூரம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தோம். முதலில் தம்பிதான் கத்தினான், "செலை, நாலு செலை." உயரமான தூண்களோடு அந்தப் பழைய ஸ்டேஷன் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனின் பணக்கார உறவுக்காரர் போல நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நைனா தாளைப் பார்க்கவே இல்லை. தலைக்கு மேலே பாலம் போனது. பாய் கடை இருந்தது. நான் சிவப்புப் பென்சிலால் போட்ட கோடுகளெல்லாம் தார் ரோடாக, பஸ் நிறுத்தமாக, நிஜமாகக் கிடந்தன. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய அதிசயத்தை நான் பார்த்ததில்லை.

கேட்டில் நாலு மொழியில் சிவப்புப் பலகை வைத்திருந்தார்கள். தமிழிலும் உள்ளே வராதே என்றுதான் எழுதியிருந்தது. நைனா அதைப் படித்துவிட்டு நடைமேம்பாலத்தின் படியேறினார். பெட்டிகளோடு நாங்களும் பின்னால் ஏறினோம். மேலிருந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை கிரேன்கள், வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் நைனா ஓட்டுகிற கிரேன்தான் உலகத்திலேயே பெரிது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே அதை எங்கே வைத்தாலும் தெரியாது.

நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கிரேனைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் கைகளைக் கவனித்தேன். இரண்டு கையும் கம்பியை விட்டு இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தன. விரல்கள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. வலது கை மெல்ல முன்னே போகும், தூரத்தில் அந்தக் கிரேனில் தொங்கும் பெட்டி மெல்ல முன்னே போகும். இடது விரல் தாழும், பெட்டி இறங்கும். ஒவ்வொரு முறையும் நைனாவின் விரல்தான் முதலில் அசைந்தது, கிரேன் அதற்குப் பிறகுதான் அசைந்தது. இந்த நகரத்தையே என் நைனாதான் இங்கே நின்று ஓட்டுகிறார் என்று தோன்றியது.

"காத்த பாத்து எறக்கறான்" என்றார் நைனா, யாரிடமென்று இல்லாமல். பிறகு, "நல்லா எறக்கறான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவசரமே இல்லாதவள் போல முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த ஐந்து நாளும் தாளில் இருந்தபடியே கழிந்தன. எல்லாக் கோடும் கேட்டிலிருந்து கிளம்பியதால், நாங்களும் தினமும் காலையில் சிராங்கூனில் பஸ் ஏறிக் கேட்டுக்குப் போய், பாய் கடையில் டீ குடித்து, மேம்பாலத்தில் நின்றுவிட்டு, அங்கிருந்துதான் ஊர் பார்க்கப் போனோம். கடலோரம் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்த சிங்கத்தலை மீன் சிலையைப் பார்த்து, "காசிமேட்டு மார்க்கெட்டுல இத்த எவன் வாங்குவான்" என்று அம்மா கேட்டாள். ஜூரோங்கில் பறவைகளைப் பார்த்தோம். கம்பி வண்டியில் தொங்கினோம். நாலு மணி நேரம் ஆனதும் நைனாவுக்கு உள்ளூர ஒரு பதற்றம் வந்து, எங்களுக்காகக் கப்பல் காத்திருப்பதுபோல விரட்டத் தொடங்கிவிடுவார்.

மிருகக்காட்சி சாலைக்குப் போகும் அன்று காலையில்தான் தங்கும் விடுதிக்காரர் சொன்னார்: அது வடக்கே இருக்கிறது, இங்கிருந்து நேராகப் போய்விடலாம், துறைமுகம் நேர் எதிர்த் திசை. நைனாவுக்கு வெட்கமாகிவிட்டது. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தபடி, "அப்ப நேராவே போயிடலாம்" என்றார். யானை ஆட்டம் காட்டும் நேரத்தைத் தெரிந்துவைத்திருந்த தம்பி துள்ளிக் குதித்தான்.

"அய்ய, அந்த டீ குடிக்காம எனுக்கு பொழுது போவாது. கேட்டுக்கு போயிட்டே போலாம்" என்றாள் அம்மா.

போனோம். யானை ஆட்டம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். தம்பி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

இப்போது நான் என் பிள்ளைகளோடு, நைனாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி அங்கே போகக் கிளம்புகிறேன். ராயபுரத்தில் கரி பறப்பதில்லை, உள்ளங்கால் கறுப்பதில்லை. லாரன்ஸ் மாமா இல்லை. அந்த நாலு சிலை ஸ்டேஷனுக்கு ரயில் வருவது நின்றுவிட்டது, பாய் கடை போய்விட்டது, பறவைகளைக் கூட வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் கேட்டையும் மூடிவிட்டு, கிரேன்களை ஊரின் மேற்குக் கோடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார்கள். வழி கேட்க யாரும் தேவையில்லை. எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எத்தனை நிமிடம் என்று போனே சொல்லிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா கடைக்குப் போயிருந்த நேரம். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "அன்னிக்கி மீனம்பாக்கத்துல உங்க மாமன் ஒரு காயிதம் குட்த்தான் பாரு, அதுல இதெல்லாம் இருந்திச்சி. ஏர்போர்ட்லேர்ந்து ரூமுக்கு எப்டி போவணும், ஆனைய பாக்க எப்டி போவணும், எல்லாம் டைப்பு அடிச்சி வச்சிருந்தான் அவன் தோஸ்து" என்றாள்.

போனைத் தாழ்த்தி அம்மா பக்கம் திரும்பினேன். "அப்ப ஏம்மா அத்த எடுக்கல?"

"எடுத்திருந்தா நேரா ரூமுக்கு போயிருப்போம்." கீரையில் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அவருகிட்ட சொல்லிடாத."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நைனா உள்ளே வந்தார். எழுபது வயது, கையில் சுருட்டிய ஒரு காலண்டர் தாள். அதைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் ஏதேதோ பாரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பழைய கேட்ட மூடிட்டானுங்களாமே" என்றார். "லாரன்ஸ் பையன் போன வாரந்தான் கப்பல்லேர்ந்து எறங்கிகீறான், அவன் சொன்னான். புது கேட்டு எங்க கீது, அங்கேர்ந்து வண்டி எப்டின்னு உன் போன்ல போட்டுக்கீறானா?"

போட்டிருந்தது. என் உள்ளங்கையில் முழு வழியும் நீலக் கோடாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அம்மா கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"இல்ல நைனா, அதுல ஒன்னும் தெரியல. நீயே அவன விசாரிச்சி எழுதிடு" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிவப்புப் பென்சிலைத் தேட எழுந்தேன்.