உட்கார்ந்தே நடந்த டிரைவர்

பணிமனையில் அவருக்குப் பெயர் 'நிதானம்'. இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். நின்றுகொண்டு வருகிற பயணியின் கையில் டீ இருந்தால்கூடச் சிந்தாது, அப்படிப் பிரேக் போடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். லைசென்ஸைப் புதுப்பிக்கிற மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் காகிதத்தை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "மூணு மாசச் சராசரிச் சர்க்கரை ஒன்பதுக்கு மேல. பிரஷரும் ஏறிக் கிடக்கு. மாத்திரை மட்டும் போதாது, உடம்பு அசையணும். நாலு மாசம் டைம், ஏழுக்குக் கீழ கொண்டு வாங்க. இப்படியே வந்தீங்கன்னா பஸ்ஸைத் தொட விடமாட்டேன், ஆபீஸ்ல உட்கார வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஆபீஸாம், ஆபீஸ்! நாள் முழுக்க ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கா இத்தனை வருஷம் ஓட்டினார்? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே பணிமனையில் எல்லாருக்கும் காலடி எண்ணுகிற கைப்பட்டை கொடுத்தார்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கணும், வாரா வாரம் பட்டியல் ஒட்டுவோம் என்றார்கள். நம்ம ஆள் மாலையில் ஒரு தெரு நடப்பார், அவ்வளவுதான். ஆனால் பட்டை பதினாலாயிரம் காட்டியது. பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். மேனேஜர் கூப்பிட்டுக் கைதட்டல்கூட வாங்கிக் கொடுத்தார். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். சட்டென்று எதையும் நம்பமாட்டாள். "பதினாலாயிரம் அடி நடக்கிற காலு, முக்குக் கடைக்குப் போகச் சொன்னா மட்டும் வலிக்குதாக்கும்" என்றாள்.

"பொறாமைடி உனக்கு."

ஐந்து வாரம் கழித்துச் சர்க்கரை பார்த்தால், இறங்குவேனா என்று அங்கேயே நின்றது. லேப்காரனைத் திட்டினார். மெஷினைத் திட்டினார். மனைவி அவர் கையைப் பிடித்து மாடி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே குடியிருந்த பெண்ணுக்கு, ஆளுக்கு ஆள் தனியாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பதுதான் தொழில். தெருவே அவளைக் 'கோச்' என்றுதான் கூப்பிடும்.

கோச் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழுந்திரிக்கச் சொன்னாள். முடியவில்லை. "தினம் பதினாலாயிரம் அடியா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அவர் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பழைய வண்டி, எஞ்சின் உதறல் வேறு, வழியில் பதினோரு வேகத்தடை. கடைசி நிறுத்தத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"நான் ஏறும்போது ரெண்டாயிரத்து நூறு. இப்ப மூவாயிரத்து அறுநூறு. நீங்க சீட்டை விட்டு எழுந்திரிக்கவே இல்லையே அண்ணா! நடந்தது நீங்க இல்ல, பஸ்ஸு!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. கைதட்டல் வேறு வாங்கியாயிற்றே! அன்றைக்கே மேனேஜரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அடுத்த வாரப் பட்டியலில் அவர் பெயர் கடைசி. எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார்.

கோச் எல்லாருக்கும் சொல்கிற பொதுப் பயிற்சி எதையும் சொல்லவில்லை. கிளட்ச் மிதித்து மிதித்து இடது கால்தான் பலமாக இருக்கிறது, வலது முட்டி நோஞ்சான், ஒன்பது மணிநேரம் உட்கார்ந்தே இடுப்பு இறுகிவிட்டது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் கிடைக்கிற ஒன்பது நிமிஷத்தை எடுத்துக்கொண்டாள். பஸ் படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏறி இறங்கணும், வண்டியைச் சுற்றி வேகமாக நடக்கணும், வண்டிப் பக்கவாட்டில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தள்ளணும்.

முதல் நாள் தள்ளியபோது, வண்டி பழுதாகிவிட்டது என்று நாலைந்து பயணிகள் இறங்கி வந்து கூடவே தள்ள ஆரம்பித்துவிட்டார்கள்! "ஐயோ, வண்டி நல்லாத்தான் இருக்கு, நான்தான் ரிப்பேர்" என்றார் நிதானம். அதற்கப்புறம் இரண்டு பேர் தினமும் அவரோடு சேர்ந்து தள்ளினார்கள். முட்டி வலித்த நாளில் கோச் படி ஏறுவதை நிறுத்தி வேறு பயிற்சி கொடுத்தாள், ஏமாற்றிய நாளில் திட்டினாள். மழை நாளில் ஒன்றிரண்டு தரம் ஏமாற்றத்தான் செய்தார், பொய் சொல்வானேன்.

நாலு மாசம் ஆயிற்று. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கையெழுத்தைப் போட்டார். "மூணு வருஷம் தாராளமா ஓட்டுங்க." வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"லைசென்ஸ் கொடுத்துட்டாங்கடி! மூணு வருஷம்!"

"லைசென்ஸ் கிடக்குது. சர்க்கரை எவ்வளவு?"

"ஆறு புள்ளி ஒன்பது."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"ஏழுக்குக் கீழயா?" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தாள். கிண்டல் தவிர வேறெதையும் நாலு மாசமாக அவர் அந்தக் குரலில் கேட்டதில்லை.

"கீழதான்" என்றார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

இன்னொரு தரம் சொன்னார்.