இரண்டும் வலது கால்

நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே வஸுமதி மாமி ஜன்னலுக்கு வெளியே போகிற கால்களைப் பார்க்கிறார். முகம் பார்க்கிற வழக்கம் அவருக்குப் போயே போய்விட்டது. "அந்தப் பச்சைப் புடவைக்கு ஏழாம் நம்பர் செருப்பு. இடது குதிகால் தேயறது, பாவம்" என்பார். பச்சைப் புடவை திரும்பிப் பார்ப்பதற்குள் மாமி அடுத்த காலுக்குப் போயிருப்பார்.

திருப்பதியில் கையால் செருப்பும் ஷூவும் தைக்கச் சொல்லித்தருகிற தொழிற்பள்ளி இது. பதினோரு பேர் படிக்கிறோம். நான் தையல்காரன், தோல் பை தைக்கக் கற்றுக்கொள்ள வந்தவன். மாமிக்கு அடுத்த மேடை எனக்கு. மாமிக்கு வயது ஐம்பத்திரண்டு. நெற்றியில் ஸ்ரீசூர்ணம், மடியில் ஆட்டுத்தோல். வீட்டுக்குப் போனதும் பையை வாசல் வேப்பமரத்தில் மாட்டிவிட்டு, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவாராம். முதல் வாரம் இதை அவரே வெள்ளந்தியாகச் சொன்னபோது எங்கள் வாத்தியார் முனிரத்தினம் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார். மாமியைவிட இருபது வயது இளையவர். சித்தூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்பு தைத்தவரின் மகன்.

"எங்க நைனா முப்பது வருஷம் அங்க குந்திக்கினு தச்சாரு மாமி" என்றார் பிறகு. "அவரும் ஊட்டுக்கு வந்து குளிச்சிட்டுத்தான் துன்னுவாரு."

மாமி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கே சுருக்கென்றது. மறுநாளிலிருந்து குளியல் பேச்சு நின்றது. குளியல் நின்றதா என்று நான் கேட்கவில்லை.

மாமி இங்கே வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு கால். அவருடைய கணவர் தோதாத்ரி கோவிந்தராஜர் கோயிலில் பாசுரம் சேவிக்கிறவர். சர்க்கரை நோயில் அவருக்கு வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. பாதத்தில் உணர்ச்சியும் இல்லை. முள் குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைச் செருப்பு அந்தக் காலில் நிற்காது. நின்றாலும் அவர் போடமாட்டார். பெருமாள் புறப்பாடு போகிற மாட வீதியில், பூணூல் போட்ட நாளிலிருந்து அவர் செருப்போடு நடந்ததில்லை. உடும்புப்பிடி. "நான் தச்சதை வேண்டாம்னு சொல்ல அவருக்கு வாய் வராது" என்றார் மாமி. சொன்ன குரலில் அவ்வளவு நம்பிக்கை தெரியவில்லை.

மத்தியானங்களில் மலைமேல் மேகம் இறங்கிவிடும். பள்ளிக்கூடமே அரைத் தூக்கத்தில் இருக்கும். அப்போது மாமி தன் சொப்பனங்களைச் சொல்வார். ஒன்று அடிக்கடி வருமாம்: அலிபிரி படியில் உட்கார்ந்திருக்கிறார், மலை ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து காகிதத்தில் காலை வைக்கிறார்கள், இவர் பென்சிலால் சுற்றி வரைகிறார், வரிசை முடியவே இல்லை. "கை வலிக்கவே இல்லை, கேட்டேளா?" என்று கேட்டுவிட்டு மறுபடி வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவார். ஊசி எங்கே போகிறது என்று எனக்குத்தான் பயம்.

கணவர் பகலில் தூங்கும்போதுதான் மாமி அளவெடுத்தார். வலது பாதத்தைச் சுற்றிப் பென்சில் முழுதாக ஓடியது. அவர் அசையவே இல்லை. இதைச் சொல்லும்போது மாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இடது காலில் பென்சில் பட்டவுடன் "கொசு" என்று இழுத்துக்கொண்டாராம். ஆகவே கையில் இருந்தது ஒரு கால் படம்தான். விரல் இல்லாத இடத்தை நிரப்பி, காகிதத்தைப் புரட்டிப் போட்டு வெட்டினால் இடது கால் வந்துவிடும். மாமி எல்லாம் செய்தார், புரட்டுவதைத் தவிர.

தைத்து முடித்து மேடையில் வைத்த ஜோடியை முனிரத்தினம் எடுத்துப் பார்த்தார். "மாமி, ரெண்டும் சோத்தாங்காலா வெட்டிக்கினு வந்துகீறீங்களே."

மாமி வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஸ்ரீஜயந்தியன்று கண்ணன் வீட்டுக்குள் வருவதற்காக வாசலிலிருந்து மாவுக் கரைசலில் பாதம் வைப்பது வழக்கம். முஷ்டியைத் தோய்த்துத் தரையில் ஒற்றினால் குட்டிப் பாதம், விரல் நுனியால் ஐந்து பொட்டு. வலது கைக்கு வலது கால், இடது கைக்கு இடது கால். மாமி வீட்டில் மட்டும் இடது கை மாவில் படக்கூடாது என்பது மாமியார் வைத்துப்போன சட்டம். முப்பது வருஷமாக அங்கே வெறும் வலது பாதங்கள்தாம். கைக்குப் பழகிவிட்டது.

"அப்போ உங்க ஊட்டுக் கிருஷ்ணன் நொண்டியடிச்சிக்கினுதான் வந்தாரா?" என்று முனிரத்தினம் கேட்க, வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மாமி இரண்டு வலது கால்களையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். ஆறு வார உழைப்பு வீண். முகம் செத்துவிட்டது.

மறுநாள் அவர் வரும்போதே நடை வேறாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மழை வந்ததாம். வேப்பமரத்துப் பை நனையப்போகிறதே என்று அதை எடுத்துக் கூடத்துக்குள் கொண்டுவந்தவர் தோதாத்ரி. திறந்து பார்த்து, இதென்ன என்று கேட்டிருக்கிறார். மாமி பென்சிலிலிருந்து கண்ணன் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் புரையேறச் சிரித்தார். சிரித்தபடியே ஒன்றில் வலது காலை நுழைத்தார். நின்றது. கூடத்தில் நாலடி நடந்தார்.

"அப்புறம் என்ன சொன்னார் தெரியுமோ?" மாமி மெழுகை எடுத்தார். "'இன்னொரு கால் எப்போ வரும்'னார்."

இம்முறை காகிதத்தைப் புரட்டியது முனிரத்தினம், வெட்டியது மாமி.

ஸ்ரீஜயந்தியன்று சீடைக்குக் கூப்பிட்டிருந்தார், போனேன். வாசற்படி ஓரமாக அந்த ஜோடி இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், தொழில் புத்தி. அடியில் மாட வீதிக் கோலப்பொடி வெள்ளையாக அப்பியிருந்தது. உள்ளே மாமி மண்டியிட்டு மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். வலது முஷ்டியை ஒற்றினார். ஐந்து பொட்டு வைத்தார். கொஞ்சம் நிதானித்தார். பிறகு இடது கையை மடக்கி, மாவில் தோய்த்தார்.