வெண்கல மாதாவும் எலுமிச்சம்பழமும்

கிளீனிங் வேலைக்குப் போகிற நாங்கள் ஒரு வீட்டுக்காரரின் முகத்தைச் சரியாகப் பார்க்கிறதுக்கு முதலே அவரின் குப்பைக்கூடையை அறிந்துவிடுவோம். உங்களில் கனபேர் இதே வேலைதான் செய்கிறீர்கள், நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் நான் சுவிஸில், பேர்ண் நகரில் ஒரு வயதுபோன அம்மாவின் வீட்டுக்குப் போய்வந்தேன். பெயர் ஃபிறௌ ஹூபர், ஃபிறௌ என்றால் திருமதி. அவரும் செத்துப்போன கணவரும் இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலத்தில் வார்த்த சின்ன வெண்கலச் சிலைகளைச் சேர்த்தவர்கள். எனக்குப் படிப்புக் குறைவு, அந்த ஊர்ப் பாஷை டொச் அதைவிடக் குறைவு. வாய் திறக்கவே கூச்சம்.

உடுப்பில்லாத வீரன்

சிலைகளுக்குத் தண்ணீர் படக்கூடாது, மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும் என்பது அந்த வீட்டுச் சட்டம். தூசு தட்டலாம், ஆனால் எங்கே பார்க்கிறது? பாதிச் சிலைகளுக்கு உடம்பில் ஒரு துண்டுத் துணி இல்லை. நான் கண்ணை அங்காலே திருப்பிக்கொண்டே தட்டுவேன்.

ஒருநாள் கம்பளங்களைத் தூக்க என் மனிசன் வரவேண்டியிருந்தது. தடியும் கையுமாக நின்ற ஒரு வீரனை, அவர் வருமுன் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கம்பளம் போனபிறகு ஃபிறௌ ஹூபர் அதைக் கண்டார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "பின்பக்கமும் அவனுக்கு உடுப்பில்லையே."

மடியில் இருந்த மாதா

அவருக்கு உயிர், ஒரு சாண் உயர மாதா சிலை. கையில் குழந்தை இயேசு. கறுத்தக் கோப்பி நிறம், ஆட்கள் தொட்டுத் தொட்டு வந்த தோள் மட்டும் செம்மண் போல. இப்படிச் சிலைகளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிறதில்லையாம், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பித்தான் பார்க்கவேணுமாம். பின்னேரத்தில் அவர் அதை மடியில் வைத்து, பெருவிரலால் அந்தத் தோளைத் தடவிக்கொண்டு யன்னலோரம் இருப்பார்.

ஒரு வருஷம் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக முடிவானது. சிலைகள் முழுவதும் ஒரு பழம்பொருள் நூதனசாலைக்கு என்று கணவர் இருந்த காலத்திலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. மாதாவையும் விடவேணும். "இதை மட்டும் வைச்சிருக்கக் கேக்கலாமே" என்று எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்: "எல்லாம் குடுக்கிறது எண்டு நானும் சேர்ந்துதான் சொன்னனான். அப்ப எனக்கு இவ்வளவு வயது வரும் எண்டு நினைக்கேல்லை."

மாமி போன நாள்

ஆவணியில் என் மகளுக்குக் கொப்பளிப்பான் அம்மை. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து வந்து எங்களோடு இருந்த மாமி, "நீ பிள்ளையைப் பார், நான் போறன்" என்று வெளிக்கிட்டா. சிலைகளைத் தொடவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஃபிறௌ ஹூபர் அன்று டொக்டரிடம் போயிருந்தார்.

பின்னேரம் மாமி நல்ல சந்தோசமாக வந்தா. கையில் எலுமிச்சம்பழ மணம். என்ன செய்தனீங்கள் என்று கேட்டேன். மாமி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னா: "மற்றதுகளைத் தொடேல்லைப் பிள்ளை. ஆனா மாதாவின்ர பெருநாள் வருகுது, அவ கரிபிடிச்சுப்போய் நிக்கிறா. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு உரஞ்சி முழுக்கக் கழுவிவிட்டனான்."

வழக்கமான கதிரை

அடுத்தநாள் காலையிலேயே ஓடினேன். ஃபிறௌ ஹூபர் அதே கதிரையில், மடியில் மாதா. புதுக் குத்துவிளக்குப் போலப் பளபளவென்று மஞ்சள். தலையிலிருந்து கால்வரை அந்தப் பழைய நிறம் இல்லை. மாமி, மாதா, பெருநாள் என்று துண்டு துண்டாகச் சொல்லி அழுதேன்.

அவர் சிலையை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். கண்ணீர் சத்தமில்லாமல் வடிந்தது. ஐநூறு வருஷமாக எத்தனையோ பேரின் கைபட்டு வந்த நிறம், இனி எவராலும் திருப்பித் தரமுடியாது என்றார். என்னை வேலையால் நிற்பாட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் சிலையைத் திரும்ப மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவ பக்தியில செய்தவ. அதாலதான் என்னால கோவிக்கவும் ஏலாமக் கிடக்கு."

வெள்ளைக் கையுறைக்காரர்

நூதனசாலையிலிருந்து வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் வந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, பஞ்சு சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். உடுப்பில்லாத வீரனும் போனான். கடைசியாக மாதா. பார்த்தவர் திடுக்கிட்டு என்னைத்தான் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தோலை உரிச்சமாதிரி இருக்கு, அம்மா. இதை நாங்கள் எடுக்கேலாது" என்றார், செத்தவீட்டில் கதைக்கிற குரலில். ஃபிறௌ ஹூபர் எழும்பிப்போய், இல்லத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்த பெட்டியைத் திறந்து, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கினார். பிறகு என்னிடம்: "குழந்தையின்ர கால் கவனம், மெல்லமா வையுங்கோ."

மாமியும் வந்தா

வீடு பூட்டியதோடு எனக்கு அந்த வேலை இல்லை. ஆனாலும் இல்லத்துக்குப் போய்ப் பார்ப்பேன். ஒருமுறை, மன்னிப்புக் கேட்கட்டும் என்று மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமி மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டிலோரம் இருந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டா. மடியில் மாதா. பெருவிரல் படுகிற தோளில் மட்டும் மெல்லிய மண்ணிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதைக் காட்டி ஃபிறௌ ஹூபர் சொன்னார்: "முதலிலிருந்து தொடங்கியிருக்கிறன். முடிக்கிறது வேற ஆக்கள்."

மாமிக்கு டொச் விளங்காது. தோளை மட்டும் உற்றுப் பார்த்தா. வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போது என் காதுக்குள் சொன்னா: "பாவம் மனிசி, துடைக்க ஏலாது போல. தோள் கறுக்கத் தொடங்கீட்டுது, அடுத்தமுறை வரேக்க நான் கொஞ்சம் புளி கொண்டுவாறன்."

அன்றிலிருந்து மாமியோடு அந்த இல்லத்துக்கு வெளிக்கிடும்போதெல்லாம், அவவுக்குத் தெரியாமல் அவவின் கைப்பையை ஒருக்கால் திறந்து பார்த்துவிட்டுத்தான் நான் ட்ராம் ஏறியது.